கடைச் சாவி யார் கையில்?

2025 ஜூலை 24 அன்று இட்ச்.ஐஓ என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் தேடலிலிருந்து மறைந்தன. அவை அழிக்கப்படவில்லை. முகவரி தெரிந்தவர் நேரே போய்ப் பார்க்க முடிந்தது. தேடுகிறவர் கண்ணில் மட்டும் படவில்லை. வயது வந்தோருக்கானது என்று குறியிடப்பட்ட எல்லாமே ஒரே வீச்சில் மறைக்கப்பட்டன. அவற்றைச் செய்தவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி போகவில்லை. அவசரத்தில் சொல்ல முடியாமல் போனது என்று தளமே தன் அறிவிப்பில் எழுதியது.

லீஃப் கார்கரன் என்பவர் 2013-இல் தொடங்கிய தளம் அது. யார் வேண்டுமானாலும் தாங்கள் செய்த விளையாட்டை அங்கே ஏற்றலாம், இலவசமாகவும் கொடுக்கலாம். விற்பனையில் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை விற்கிறவரே முடிவு செய்வார். சுழியம் என்றும் வைக்கலாம். ஒரு வார இறுதிக்குள் விளையாட்டு செய்து முடிக்கும் போட்டிகளில் பிறந்தவை, மாணவர்களின் முதல் முயற்சிகள், விளையாட்டா கவிதையா என்று பிரித்துச் சொல்ல முடியாதவை எல்லாம் புழங்குகிற இடம். இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய கடை. 2024-இல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் நான்கு கோடிப் பேர் அதில் இருந்தார்கள். சிறிய தளமும் பெரிய தளமும் அந்த ஜூலை மாதத்தில் ஒரே கைக்குப் பணிந்தன. அந்தக் கை அரசுடையது அல்ல, நீதிமன்றத்துடையது அல்ல, விளையாடுகிறவர்களுடையதும் அல்ல.

விவகாரத்துக்குக் காரணமான விளையாட்டின் பெயர் 'நோ மெர்சி'. பெண்கள்மீதான பாலியல் வன்முறையையும் குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமையையும் ஆடுகிறவரின் கையில் கொடுத்த படைப்பு அது. 2025 ஏப்ரலில் எதிர்ப்பு கிளம்பியதும் ஸ்டீம் அதைப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நிறுத்தியது. பிறகு அதைச் செய்தவர்களே கடையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இட்ச் தளமும் அதே மாதம் அதைத் தடை செய்தது. கண்ணீர் விட வேண்டிய இழப்பு எதுவும் இதில் இல்லை. அப்படி ஒன்றைத் தன் அலமாரியில் வைக்க மாட்டேன் என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் உரிமை உண்டு. வைத்ததுதான் தவறு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் என்ற இயக்கம், இதேபோன்ற பல விளையாட்டுகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன என்று ஜூலையில் ஒரு திறந்த மடல் வெளியிட்டது. மடல் தளங்களுக்கு எழுதப்படவில்லை. விசா, மாஸ்டர்கார்டு, பேபால் போன்ற நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்கு எழுதப்பட்டது. அந்த இயக்கத்தின் கோணத்தில் இது சரியான கணக்கு. தளங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபோது, பணம் வரும் குழாயைப் பிடித்தால் பதில் உடனே வரும். வந்தது. சில நாட்களில் ஸ்டீமின் விதிப்பட்டியலில் பதினைந்தாவதாக ஒரு விதி முளைத்தது: பணப் பரிமாற்ற நிறுவனங்கள், கார்டு அமைப்புகள், வங்கிகள், இணைய இணைப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கம் கூடாது; குறிப்பாக, வயது வந்தோருக்கான சில வகைகள்.

எந்த வகைகள்? அது எழுதப்படவில்லை.

பணம் போகும் பாதையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்த விதியின் விசித்திரம் புரியும். விளையாடுகிறவர் கார்டு எண்ணைத் தட்டுகிறார். அந்தக் கார்டைக் கொடுத்தது ஒரு வங்கி. இடையில் மாஸ்டர்கார்டு போன்ற ஓர் அமைப்பு. மறுமுனையில், கடையின் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்ளும் இன்னொரு வங்கி. அந்த வங்கிக்கும் கடைக்கும் நடுவே ஒரு பேமென்ட் நிறுவனம். கடைசியில்தான் கடை, அதற்கும் பிறகு விளையாட்டைச் செய்தவர். மாஸ்டர்கார்டின் விதிப்புத்தகத்தில் 5.12.7 என்றொரு பிரிவு இருக்கிறது. சட்டவிரோதமான பரிமாற்றங்களோடு, நிறுவனத்தின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பரிமாற்றங்களையும் அது தடுக்கிறது. கலை மதிப்பில்லாத, அப்பட்டமாக அருவருப்பூட்டும் பாலியல் பண்டங்கள் அதில் சேரும். இந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது கடையின் சார்பில் பணம் வாங்கும் வங்கியை. கடை அந்த ஒப்பந்தத்தில் நேரடித் தரப்பே அல்ல.

ஆகஸ்ட் 1 அன்று மாஸ்டர்கார்டு ஓர் அறிக்கை விட்டது. எந்த விளையாட்டையும் தாங்கள் ஆராயவில்லை, எதையும் நீக்கச் சொல்லவில்லை, சட்டப்படியான எல்லாப் பரிமாற்றங்களையும் அனுமதிக்கிறோம் என்றது. வால்வ் கொடுத்த பதில் வேறு: மாஸ்டர்கார்டு எங்களோடு நேரடியாகப் பேசவில்லை, நாங்கள் கேட்டும் பேசவில்லை; பேமென்ட் நிறுவனங்களும் அவற்றின் வங்கிகளும்தான் வந்தன, வந்தவர்கள் சுட்டிக்காட்டியது அந்த 5.12.7-ஐத்தான். இரண்டு தரப்பும் பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் இதில் கவலைக்குரிய செய்தி. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியின் முகத்தைப் பார்த்துப் பயந்து நடந்துகொண்டால், யாருமே உத்தரவு போடாமல் ஓர் உத்தரவு நிறைவேறிவிடும். விளையாட்டை இழந்தவர் முறையிட நினைத்தால் போய்த் தட்டக் கதவு இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. ஜப்பானின் டிஎல்சைட் தளம் 2024 மார்ச்சில் கார்டு நிறுவனங்களின் நெருக்குதலால் பண்டங்களின் வகைப்பெயர்களையே மாற்றிப் பார்த்தது. ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றும் அங்கே நின்றுபோயின.

ஒரு காலத்தில் விதி எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' ஆகிய விளையாட்டுகளை முன்வைத்து விசாரணை நடந்தது. செனட்டர் ஜோ லீபர்மேன் முன்னின்று நடத்தினார். அரசு சட்டம் போடுவதற்கு முன் நாமே முந்திக்கொள்வோம் என்று 1994-இல் தொழில்துறை தனக்கென ஒரு தர அமைப்பை உருவாக்கியது. ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்ற தர அமைப்பு வந்தது. இவற்றின் தீர்ப்பில் குறை சொல்லலாம், ஆனால் தீர்ப்புச் சொன்னது யார் என்று பெட்டியின் மூலையிலேயே அச்சிட்டிருந்தது.

ஸ்டீம் வந்த பாதை இதைவிடக் கோணலானது. முதலில் எதை விற்பது என்று நிறுவனத்தாரே பொறுக்கினார்கள். 2012-இல் கிரீன்லைட் என்று வாக்கெடுப்பு முறை வந்தது. 2014 டிசம்பரில் போலந்திலிருந்து 'ஹேட்ரட்' என்ற விளையாட்டு அந்த வாக்கெடுப்புக்கு வந்தது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளும் ஒருவனைப் பற்றியது. நிறுவனம் அதை எடுத்துவிட்டது. அடுத்த நாளே தலைவர் கேப் நியூவெல் அது நல்ல முடிவல்ல என்று செய்தவர்களுக்கு எழுதி, திரும்ப வைக்கச் செய்தார். முடிவு சரியா என்பது ஒரு பக்கம். முடிவெடுத்தவர் தன் பெயரில் எழுதினார் என்பதையும் கவனிக்கலாம். இன்று அப்படி ஒரு மின்னஞ்சல் யாருக்கு வரும்?

2017-இல் வாக்கெடுப்பு போய், 100 டாலர் கட்டினால் நேரே விற்கலாம் என்ற முறை வந்தது. ஆயிரம் டாலருக்கு விற்றால் அந்த நூறு திரும்பி வரும். பணத்தைக் கட்டிய டெவலப்பர் வரி விவரம், வங்கி விவரம் எல்லாம் கொடுத்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில்' என்று ஒரு பக்கத்தைக் குறைந்தது இரண்டு வாரமாவது கடையில் காட்ட வேண்டும். பிறகு ஒரு கேள்விப் படிவம். வன்முறை இருக்கிறதா, எப்படிப்பட்டது? நிர்வாணம் இருக்கிறதா? 2024-இலிருந்து, செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்த படமோ குரலோ உண்டா, அது முன்பே செய்து வைத்ததா, ஆடும்போதே உருவாவதா? ஆடும்போது உருவாவது என்றால், அசிங்கமாக எதுவும் வெளிவராமல் இருக்க என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள்? நன்றாக யோசித்து எழுதப்பட்ட படிவம். பதிலளிப்பவருக்குத் தான் எதற்குப் பொறுப்பு என்று தெரிகிறது. பதினைந்தாவது விதிக்கு மட்டும் அதில் கேள்வி வைக்க வழியில்லை. உங்கள் விளையாட்டு ஏதாவது ஒரு வங்கிக்குப் பிடிக்காமல் போகுமா என்று டெவலப்பரிடம் எப்படிக் கேட்பது?

2018 மே மாதம், பள்ளித் துப்பாக்கிச் சூட்டை விளையாட்டாக்கிய ஒன்றை நீக்கிய பிறகு, ஜூன் 6 அன்று வால்வின் எரிக் ஜான்சன் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். சட்டவிரோதமானவை, வெறும் சீண்டலுக்காகச் செய்தவை தவிர எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்பது அதன் சாரம். தாராளம்போலத் தெரியும் இந்த நிலைப்பாடு உண்மையில் பொறுப்பிலிருந்து விலகல்தான். எது சீண்டல் என்பதை வரையறுக்காமல் விட்டால், கடைசி வார்த்தை கடைக்காரருடையதாகவே இருக்கும். ஒன்பது மாதத்தில் அது தெரிந்தது. வன்புணர்வையே மையமாக வைத்த இன்னொரு விளையாட்டு 2019 மார்ச்சில் வந்தபோது, அதை வெளியிட மாட்டோம் என்று சரியாகவே முடிவெடுத்தார்கள். சொன்ன காரணம் என்ன? அது எங்களுக்குக் கணிக்க முடியாத செலவையும் ஆபத்தையும் கொண்டுவரும் என்பது. பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட லாப நட்டக் கணக்கு வசதியாக இருந்தது. அந்தக் கணக்கைத்தான் ஆறு ஆண்டுக்குப் பிறகு பேமென்ட் நிறுவனங்கள் அவர்களிடமே திருப்பிப் போட்டன.

ஆப்பிளின் கடையில் நிலைமை வேறு. விதி தெளிவாக எழுதியிருக்கும், பிரிவு எண்ணோடு நோட்டீஸ் வரும். 2011 செப்டம்பரில் இத்தாலியின் மொலேஇண்டஸ்ட்ரியா குழு 'ஃபோன் ஸ்டோரி' என்ற சிறு விளையாட்டை வெளியிட்டது. காங்கோவின் கனிமச் சுரங்கத்தில் குழந்தைகளை வேலை வாங்க வேண்டும். சீனத் தொழிற்சாலையின் மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்களை வலை விரித்துப் பிடிக்க வேண்டும். கையில் இருக்கும் கைப்பேசி எப்படி வந்தது என்பதை அந்தக் கைப்பேசியிலேயே ஆடிப் பார்க்கச் சொன்னது. சில மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் துன்புறுத்தப்படுவதைக் காட்டக் கூடாது, அருவருப்பான உள்ளடக்கம் கூடாது என்று பிரிவுகள் சொல்லப்பட்டன. குழந்தைகள் துன்புறுத்தப்படுவதைக் கண்டித்த படைப்பு, அதைக் காட்டிய குற்றத்துக்காக நீக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலைகளை நடத்திய ஃபாக்ஸ்கான் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஐபோன் செய்கிறது. தமிழ் வாசகருக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. புத்தகத்தையும் பாட்டையும் பார்ப்பதுபோல நாங்கள் செயலிகளைப் பார்ப்பதில்லை, மதத்தை விமர்சிக்க வேண்டுமானால் புத்தகம் எழுதுங்கள் என்று அக்காலத்து ஆப்பிள் வழிகாட்டி வெளிப்படையாகவே சொன்னது. ஆனாலும் எழுதி வைத்த விதியில் ஒரு வசதி உண்டு, வாதாடலாம். 2014 டிசம்பரில் லூகாஸ் போப்பின் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில், எல்லைச் சாவடிச் சோதனையில் வரும் நிர்வாண உருவத்தை ஆபாசம் என்று சொல்லி ஐபேடில் மறுத்தார்கள். பேச்சு எழுந்ததும் சில நாட்களில் அந்தக் காட்சி திரும்ப வந்தது.

வாதாட வழியில்லாமல் போனதற்குத் தைவானின் 'டிவோஷன்' ஒன்றே போதும். 1980-களின் தைபேயில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு, அதற்குள் மூட நம்பிக்கையில் சிதையும் ஒரு குடும்பம். ரெட் கேண்டில் என்ற சிறு நிறுவனம் அதை 2019 பிப்ரவரி 19 அன்று வெளியிட்டது. வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு மந்திரத் தாள். அதன் சிவப்பு முத்திரையில், உற்றுப் பார்த்தால் மட்டும் படிக்கக்கூடிய பழைய எழுத்து வடிவத்தில், சீன அதிபரின் பெயரும் அவரைக் கேலி செய்யப் பயன்படும் கரடிப் பொம்மையின் பெயரும் இருந்தன. தற்காலிகமாக வைத்த படம் தவறுதலாக நின்றுவிட்டது என்று நிறுவனம் உடனே மன்னிப்புக் கேட்டு, தாளை மாற்றியது. அதற்குள் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன. ஒரு வாரத்துக்குள் விளையாட்டு எல்லா நாடுகளிலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. சீனாவில் அதை வெளியிட உதவிய நிறுவனம் தொழில் உரிமத்தையே இழந்தது. 2020-இல் ஹார்வர்டின் யென்சிங் நூலகம் இந்த விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று போலந்தின் ஜிஓஜி கடை, நாங்கள் விற்கிறோம் என்று அறிவித்துவிட்டுச் சில மணி நேரத்தில் பின்வாங்கியது. விளையாடுகிறவர்களிடமிருந்து பல செய்திகள் வந்ததால் என்பது சொன்ன காரணம். எத்தனை பேர், யார், என்ன எழுதினார்கள் என்பது இல்லை. கடைசியில் ரெட் கேண்டில் 2021 மார்ச்சில் சொந்தத் தளத்திலேயே விற்கத் தொடங்கியது.

இதே ஜிஓஜிதான் 2025 ஆகஸ்டில் பேமென்ட் நிறுவனங்களைக் கண்டித்து, வாங்கும் சுதந்திரம் என்ற முழக்கத்தோடு 13 விளையாட்டுகளை 48 மணி நேரம் இலவசமாகக் கொடுத்தது. பாராட்ட வேண்டிய செயல். 'டிவோஷன்' அந்தப் பட்டியலில் இல்லை.

அரசுகளின் விதிகள் இவற்றோடு ஒப்பிட்டால் முரட்டுத்தனமானவை, ஆனால் முகம் தெரிந்தவை. 2017 செப்டம்பரில் கடவுளர்கள் மோதிக்கொள்ளும் ஒரு சண்டை விளையாட்டுக்காக மலேசிய அரசு ஸ்டீம் முழுவதையுமே தடுத்தது. அந்த ஒன்றை அங்கே விற்பதை வால்வ் நிறுத்தியதும் கடை திறந்தது. ஜெர்மனியில் 2024 நவம்பர் 15 முதல் வயதுத் தரம் பெறாத விளையாட்டுகள் ஸ்டீமில் தெரியாமல் போயின. கேள்விப் படிவத்தை நிரப்பியவை திரும்பத் தெரிந்தன. தமிழ்நாட்டில் விளையாட்டு ஒழுங்குமுறை என்றாலே பேச்சு ரம்மியில் போய் நின்றுவிடுகிறது. பணம் கட்டி ஆடுவோருக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்ற மாநில விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆகஸ்டில் ஒன்றியச் சட்டம் வந்து பண விளையாட்டுகளையே தடை செய்தது. உயிர்கள் போன விஷயம் என்பதால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் விளையாட்டுக்குள் எதைச் சொல்லலாம், சொன்னதை யார் மறைக்கலாம் என்ற கேள்வி இங்கே இன்னும் மேடை ஏறவில்லை.

உள்ளடக்க விதியின் குழப்பத்துக்குப் பக்கத்திலேயே, நடத்தை விதியில் தளங்கள் கொஞ்சம் பாடம் கற்றிருக்கின்றன. 2016-இல் டிஜிட்டல் ஹோமிசைடு என்ற நிறுவனம், தன்னைத் திட்டி எழுதிய நூறு ஸ்டீம் பயனர்கள்மீது ஒரு கோடியே 80 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வால்வ் அந்த நிறுவனத்தின் எல்லா விளையாட்டுகளையும் இறக்கிவிட்டது. நடத்தை விதி வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் உண்டு என்று அன்று தெளிவானது. ஏமாற்று ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் வேக் என்ற மென்பொருளும் வால்விடம் உண்டு. அதில் சிக்கினால் தடை நிரந்தரம், ஆளின் பக்கத்தில் ஊரறியக் குறித்தும் வைத்திருக்கும். 2010 ஜூலையில் 'மாடர்ன் வார்ஃபேர் 2' ஆடிய சுமார் 12,000 பேர் தவறாகத் தடை செய்யப்பட்டார்கள். தவறு எங்கள் மென்பொருளுடையது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு தடையை நீக்கியது; ஆளுக்கு 'லெஃப்ட் 4 டெட் 2' ஒரு பிரதி தனக்கு, ஒரு பிரதி நண்பருக்குக் கொடுக்க என்று அனுப்பியது. 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனத்தின் ஒரு மென்பொருள் வசதியால் 'கவுன்டர் ஸ்ட்ரைக் 2' ஆட்டக்காரர்கள் சிக்கியபோதும் தடைகள் திரும்பப் பெறப்பட்டன.

ரயட் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் வசைபாடியவர்களின் உரையாடலைச் சக ஆட்டக்காரர்களே படித்து, தண்டனையா மன்னிப்பா என்று வாக்களிக்கும் தீர்ப்பாயத்தை 2011-இல் அமைத்தது. 2014-இல் அது நின்றுபோனது. நிலைத்தது வேறொரு பழக்கம்: தண்டிக்கப்பட்டவருக்கு அவர் எழுதிய வரிகளையே எடுத்து அனுப்புவது. எதற்காகத் தடை என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட அதிகமாகத் திருந்தினார்கள் என்று நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். தடை வாங்கிய பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, இரண்டு ஆண்டு உழைத்து விளையாட்டு செய்தவருக்குக் கிடைப்பதில்லை.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. நீக்கினால் மட்டுமல்ல, ஒன்றைத் தேடலில் கீழே தள்ளினாலும் மறைத்தாலும்கூட, ஏன் என்று உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களுக்கு ஏறத்தாழ இதே கடமையை வைத்திருக்கின்றன. இரண்டுமே தளத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. தளத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லுகிறவரை இரண்டும் தொடவில்லை. இந்தியாவில் ஸ்டீமில் விளையாட்டு வாங்க யூபிஐ போதும், வெளிநாட்டுக் கார்டு தேவையில்லை. ஆனாலும் கோயம்புத்தூரில் ஒரு மாணவர் யூபிஐயில் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், கார்டு அமைப்பின் விதிக்குப் பயந்து நீக்கப்பட்ட விளையாட்டு அவருக்கும் கிடைக்காது.

பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அனுமதி தருவதும் நெறிமுறை வகுப்பதும் இந்தியாவில் ரிசர்வ் வங்கி. சட்டம் தடை செய்யாத ஒரு பொருளை விற்காதே என்று ஒரு பேமென்ட் நிறுவனம் வணிகரிடம் சொல்வதானால், எந்த விதியின்படி, எந்தப் பொருளுக்காக, யாரிடம் முறையிடலாம் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று அந்த நெறிமுறையில் ஒரு பத்தி சேர்க்கலாம். வணிகர் அதை விளையாட்டைச் செய்தவருக்கு அப்படியே அனுப்பி வைக்கவும் அதிலேயே இடம் கொடுக்கலாம்.